‘போலி’ என்று எழுதும் முன்

‘போல’ என்ற சொல்லின் வேரிலிருந்தே ‘போலி’யும் வந்தது. ஆனால் ஒன்றைப் போல இருப்பது மட்டும் போதாது. அதுவே தான் என்று காட்டிக்கொண்டால்தான் இன்றைய வழக்கில் போலி. இதை மறப்பதால்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன.

கவரிங் வளையலைக் கவரிங் என்றே விற்றால் அது போலி நகை அல்ல. 916 முத்திரை குத்தித் தங்கம் என்று விற்றால் போலி. செயற்கைக் கால், பல்செட் போன்றவற்றுக்கு இந்தச் சொல் வேண்டவே வேண்டாம். அவை யாரையும் ஏமாற்றச் செய்தவை அல்ல. அணிந்திருப்பவர் மனமும் நோகும்.

‘கள்ள’ என்பது வேறு. கள்ளச்சாராயத்தில் குற்றம், உரிமம் இல்லாமல் திருட்டுத்தனமாகக் காய்ச்சுவது. பெயர்பெற்ற கம்பெனியின் லேபிளை ஒட்டி வேறு சரக்கை அடைத்தால் அது போலி மதுபானம். கள்ள ஓட்டில் ஓட்டுச்சீட்டு உண்மையானது, போட்டவர்தான் வேறு ஆள். ரூபாய் நோட்டு மட்டும் பொருள்படி போலி, பேச்சு வழக்கில் கள்ளநோட்டு. அங்கே வழக்கையே பின்பற்றலாம்.

மருந்துச் செய்திகளில்தான் மிகுந்த கவனம் தேவை. இந்தியாவின் 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம் இவற்றைத் தனித்தனியே பிரிக்கிறது: பிரிவு 17 தவறான லேபிள், 17ஏ கலப்படம், 17பி போலி. இன்னொரு நிறுவனத்தின் பெயரிலோ, இல்லாத நிறுவனத்தின் பெயரிலோ வந்தால் போலி. மருந்துக்குப் பதில் வேறு பொருளை வைத்தாலும் போலிதான். அழுகிய பொருள் சேர்ந்திருந்தால் கலப்படம். மூலப்பொருளின் அளவு குறைந்த மாத்திரை தரக்குறைவானது. தேதி முடிந்தது காலாவதியானது. எல்லாவற்றையும் ‘போலி மருந்து’ என்று எழுதினால், தயாரிப்பில் தவறிய கம்பெனியும் அதன் பெயரைத் திருடியவனும் ஒன்றாகிவிடுவார்கள்.

நகலும் போலி அல்ல. பதிவு அலுவலகம் சான்றிட்டுத் தரும் பத்திர நகல் செல்லும்.

ஒற்றெழுத்தையும் விடக்கூடாது: போலிச் சான்றிதழ், போலிக் கையெழுத்து, போலிப் பத்திரம். மெல்லினமோ உயிரோ வந்தால் மிகாது: போலி மருத்துவர், போலி ஆவணம்.

இலக்கணத்தில் வரும் போலிக்கும் ஏமாற்றுக்கும் தொடர்பே இல்லை. எழுத்து மாறியும் பொருள் மாறாமல் நிற்பதே அங்கே போலி. மயல் மையலாவது முதற்போலி, நிலம் நிலனாவது கடைப்போலி, ஐந்து அஞ்சாவது முற்றுப்போலி. ‘அஞ்சு’ என்று எழுதிய மாணவரிடம் ‘இது போலி, அதனால் தப்பு’ என்று சொல்வதுதான் தப்பு.