கேமரா வாங்குமுன் பட்டாலையில் நின்று பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது வயது விழா), படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) என்று விசேஷங்களைப் படமெடுக்க மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய) கேமரா வாங்க நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம்ணே?" என்பதுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. 24 மெகாபிக்சல் படத்தை 20 அங்குல அகலத்துக்குத் துல்லியமாக அச்சடிக்கலாம். அதுவே தாராளம்.

கவலைப்பட வேண்டியது வெளிச்சத்தைப் பற்றி. நம் வீடுகளில் வளவில், அதாவது நடு முற்றத்தில், வெயில் கொட்டும். நாலடி தள்ளிப் பட்டாலையில் (வளவை ஒட்டிய உயர்ந்த திண்ணையில்) தூணோரம் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவின் முகம் நிழலில் கிடக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டில் இன்னும் மங்கல். முதல் கேமரா வாங்கியபோது பணம் முழுவதையும் நான் பாடியிலேயே (லென்ஸ் நீங்கலான கேமராவிலேயே) போட்டுவிட்டேன். கூட வந்த கிட் லென்ஸோடு ஒரு படைப்புக்குப் போய், விளக்கேற்றும் நேரத்தில் எடுத்த படம் ஒன்றுகூடத் தேறவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

கேனான் ஆர்50-யோடு வரும் 18-45 மி.மீ. ஜூம் லென்ஸை 45-க்குத் திருப்பினால் துளை எஃப் 6.3-க்கு மேல் திறக்காது. எஃப் எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 12 மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். அதனால் பட்ஜெட்டில் பாதியையாவது லென்ஸுக்கு ஒதுக்குங்கள். பாடி ஒரு தலைமுறை பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

அதற்காக மலிவாகக் கிடைக்கிறதென்று 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மட்டும் வாங்கிவிடாதீர்கள். கேனானின் ஏபிஎஸ்-சி சென்சாரில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) அது ஃபுல் ஃபிரேமில் 80 மி.மீ. லென்ஸ் போல நெருக்கிக் காட்டும். அறைக்குள் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் நாலு பேர் அடங்க மாட்டார்கள். சோனி, ஃபியூஜி ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர்களுக்கு 16 எஃப் 1.4, அல்லது 18-50 எஃப் 2.8 ஜூம் நம் வீடுகளுக்குப் பொருந்தும்.

பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இருட்டுக் கவலை தீர்ந்தது என்று நம்புகிறவர்களும் உண்டு. அது நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். ஆத்தங்குடித் தளத்தையும் தேக்குக் கதவையும் எடுக்க அருமையான துணை. ஆரத்தி சுற்றும் கையை அது நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும்.

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரை விட்டுக்கொடுக்காதீர்கள். சோனி இசட்வி-இ10-இல் அது கிடையாது. வீடியோவுக்கு நல்ல கேமராதான். ஆனால் உச்சி வெயிலில் வளவில் நின்றால் திரையில் ஒன்றும் தெரியாது. ஓசையில்லாமல் எடுக்கலாம் என்று எலக்ட்ரானிக் ஷட்டரையே நம்பினால் மண்டபத்து எல்இடி விளக்கில் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். அங்கே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்துப் பாருங்கள்.

வாங்குமுன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துவந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுப் பட்டாலையில் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து எடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 3200, 6400 இரண்டிலும் எடுத்து, கணினியில் பெரிதாக்கி முகம் புள்ளி புள்ளியாகிறதா என்று பாருங்கள்.