காலைக் கடம்பர், மதியம் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர்: முதல்முறை போகிறவர்களுக்கு

பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் ஆற்றங்கரை மேடுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் வாய்க்காலும் தென்னையும். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோருக்குமே கால் சமதரைக்குத்தான் பழகியிருக்கும். சுவாமிமலையில் 60 படி ஏறினாலே "அப்பாடா" என்று தூணில் சாய்கிறவர்கள் நாம். அதுவும் மனிதர்கள் எழுப்பிய கட்டுமலை.

அப்படிப்பட்டவர்கள் ஒரே நாளில் இரண்டு மலை ஏறி மூன்று சிவன் கோயில்களைத் தரிசிக்க முடியுமா? முடியும். என் அத்தை 62 வயதில் முடித்தார்கள். ஆனால் முதல் தடவை அவர்களை அழைத்துப் போனபோது நான் திட்டமே போடாமல் போய்ப் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தத் தடவை என்ன தவறு செய்தேன், அடுத்த தடவை எதை மாற்றினேன் என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

முதலில், எந்த மூன்று கோயில்?

காலையில் குளித்தலை கடம்பவனநாதர். உச்சிப்பொழுதில் ஐயர்மலை ரத்தினகிரீஸ்வரர். மதியச் சொக்கர் என்பது இவர்தான். அந்தியில் முசிறியைத் தாண்டி இருக்கும் திருஈங்கோய்மலை மரகதாசலேஸ்வரர். இந்த மூவரையும் இதே வரிசையில் ஒரே நாளில் தரிசிப்பது ரொம்ப விசேஷம் என்று காவிரிக்கரை முழுக்கச் சொல்வார்கள். மூன்றுமே தேவாரத் தலங்கள். முதல் இரண்டையும் அப்பரும், ஈங்கோய்மலையைச் சம்பந்தரும் பாடியிருக்கிறார்கள். குளித்தலையும் ஐயர்மலையும் காவிரியின் தென்கரை, ஈங்கோய்மலை வடகரை. அதனால் நடுவில் ஆற்றைக் கடந்தாக வேண்டும்.

இதில் சிக்கல் எங்கே என்று இப்போதே புரிந்திருக்கும். பெரிய மலை ஐயர்மலை, 1017 படி. அங்கேதான் உச்சி வெயில் நேரத்தில் இருக்க வேண்டும். திட்டம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

நான் முதலில் போனது பங்குனியில். பதினோரு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட்டோம். ஏறும்போது தெரியவில்லை, இறங்கும்போது கல் தோசைக்கல்லாகக் கொதித்தது. அத்தை முந்தானையை நனைத்து ஒரு படியில் போட்டு, அதன்மேல் நின்று, மறுபடி எடுத்து அடுத்த படியில் போட்டு இறங்கினார்கள். கீழே வந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். ஈங்கோய்மலைக்குப் போகாமலே ஊர் திரும்பினோம். அன்றைக்கு என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

பங்குனி முதல் ஆனி வரை வேண்டாம். கார்த்திகை சோமவாரம் இந்த மூன்று கோயில்களுக்கும் பெரிய நாள், ஆனால் கூட்டமும் பெரிது, மழை பெய்தால் படி வழுக்கும். தை மாதம் நம் பக்கம் சம்பா அறுவடை, வீட்டை விட்டு நகர முடியாது. அதனால் முதல்முறைக்கு மார்கழிதான் சரி என்பேன். களை எடுப்பெல்லாம் முடிந்து, பயிர் பால் பிடிக்கிற நேரம், வெயிலும் தாங்கும். இன்னொரு காரணமும் உண்டு. மேட்டூரிலிருந்து பாசனத்துக்கு ஜூன் 12 தொடங்கி ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவது வழக்கம் அல்லவா? மார்கழியில் போனால் காவிரியில் தண்ணீரைப் பார்க்கலாம். மாசியும் ஏறுவதற்கு நல்ல மாதம்தான், ஆனால் ஆற்றில் மணல்தான் இருக்கும்.

படி 2: கால்களைப் பழக்குங்கள்

மூன்று வாரம் போதும். சுவாமிமலை பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு: அறுபது தமிழ் வருடங்களைக் குறிக்கும் அந்த 60 படியைப் பதினேழு தடவை ஏறினால் ஒரு ஐயர்மலை. பதினேழு தடவை ஏறச் சொல்லவில்லை. முதல் வாரம் தினமும் வீட்டு மாடிப்படியிலோ கோயில் படியிலோ 150 படி, அடுத்த வாரம் 300, மூன்றாவது வாரம் ஒரே ஒரு நாள் 500. திருச்சிக்குப் போகும் வேலை இருந்தால் மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையாரை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள், நானூறு படிக்கு மேல் இருக்கிறது. ஆனால் பயணத்துக்கு முந்தின நாள் அங்கே ஏறிவிடாதீர்கள், மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும்.

எல்லோரும் ஏறுவதைப் பற்றியே கவலைப்படுகிறோம். முழங்கால் மூட்டைப் பதம் பார்ப்பது இறங்குவதுதான். ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரம் முழுவதும் ஒரு காலில் விழுகிறது. அதனால் பழகும்போது இறங்குவதையும் சேர்த்தே பழகுங்கள். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, பாதம் முழுவதும் படியில் பதிய வைத்து நிதானமாக.

இதயக் கோளாறு, ஆஸ்துமா, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் விரதம் இருந்து மலை ஏறவே கூடாது. பாதி வழியில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் தூக்கி வருவது லேசு இல்லை. ஐயர்மலையில் 2024இல் ரோப் கார் திறந்தார்கள். வயதானவர்கள் கூட வருவதாக இருந்தால், அன்றைக்கு அது ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: முந்தின இரவே திருச்சி போய்விடுங்கள்

ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போனால் குளித்தலை சேரவே ஒன்பதரை, பத்து ஆகிவிடும். நான் செய்த முதல் தவறு அதுதான். முந்தின நாள் சாயங்காலம் கிளம்பித் தஞ்சாவூர் வழியாகத் திருச்சி வந்து, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள். கரூர் போகும் பஸ் குளித்தலை வழியாகத்தான் போகும். காலை ஐந்தேகாலுக்கெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்துவிட வேண்டும். திருச்சி–கரூர் ரயில் பாதையிலும் குளித்தலை உண்டு, ஆனால் நேரம் ஒத்துவந்தால்தான் லாபம்.

பையில் என்ன? ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். உப்பும் எலுமிச்சையும் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில். கற்கண்டு. மாற்று வேட்டி அல்லது புடவை, துண்டு. வாழை இலையில் கட்டின புளிச்சோறு. அப்புறம் தடிமனான பருத்தி சாக்ஸ் இரண்டு ஜோடி. செருப்பில்லாமல் ஏறும் இடத்தில் காலைக் காப்பாற்றுவது அதுதான். படி ஈரமாக இருந்தால் மட்டும் சாக்ஸைக் கழற்றிவிடுங்கள், வழுக்கும். சாப்பாட்டை நெகிழிப் பையில் வைத்துக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். முதுகுப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள்.

படி 4: கடம்பர்

ஆறரை மணிக்குக் குளித்தலை. ஒரு ஆட்டோ பிடித்தால் கடம்பர் கோயில் இருக்கும் கடம்பந்துறை. முதலில் ஆற்றில் குளியல். ஓரத்திலேயே குளித்துவிட்டு எழுந்திருங்கள். மேலே மாயனூர் கதவணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும், மணல் எடுத்த பள்ளங்களும் கண்ணுக்குத் தெரியாது.

கோயில் வடக்குப் பார்த்து, காவிரியை நோக்கி இருக்கிறது. கருவறையில் லிங்கத்துக்குப் பின்னால் சப்தகன்னியர் இருப்பார்கள், அவசரத்தில் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். தைப்பூசத்துக்கு எட்டு ஊர் சுவாமிகள் இந்தத் துறைக்கு வந்து சந்திப்பார்கள்; அது தனியாக வர வேண்டிய நாள்.

கிளம்பும் முன் ஒரு சின்னச் செம்பில் காவிரித் தண்ணீர் எடுத்துக்கொண்டார்கள் அத்தை. "ஐயர்மலையில அபிஷேகத்துக்குக் கொடுக்கலாமான்னு கேட்டுப் பார்ப்போம்டா, கொடுக்க முடியாட்டியும் கையில இருக்கட்டும்" என்றார்கள். எட்டு மணிக்கு இட்லி. வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

படி 5: ஐயர்மலை

குளித்தலையிலிருந்து மணப்பாறை சாலையில் எட்டு கிலோமீட்டர் சுமாருக்கு. பஸ் உண்டு. நேரம் போகிறது என்றால் ஆட்டோ. ஒன்பதரைக்கு முதல் படியில் கால் வைத்தால், எவ்வளவு மெதுவாக ஏறினாலும் பதினொன்றரைக்குள் மேலே இருக்கலாம். உச்சிக்காலம் வரை நிழலில் உட்காரலாம். வெயிலில் ஏறுவதைவிட, முன்பே ஏறிவிட்டு வெயிலுக்காக மேலே காத்திருப்பது எவ்வளவோ மேல்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல்: பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிய வேண்டும். பேச்சு தடைப்பட்டால் நின்றுவிடுங்கள். நாங்கள் 50 படிக்கு ஒரு தடவை நின்றோம், 200 படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தோம். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் நிற்கும்போதெல்லாம் இரண்டு மடக்கு. முந்நூறைத் தாண்டியதும் அத்தை, "ஏண்டா தம்பி, பாதி வந்துட்டமா?" என்றார்கள். பொய் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. "இன்னும் எழுநூறு அத்தை" என்றேன். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, ஒன்றும் பேசாமல் மறுபடி எண்ண ஆரம்பித்தார்கள். நெஞ்சை அடைத்தாலோ தலை சுற்றினாலோ மட்டும் வைராக்கியம் வேண்டாம். உட்கார்ந்து, கூட ஆள் வைத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

மேலே இருக்கும் ரத்தினகிரீஸ்வரருக்கு வாட்போக்கி நாதர் என்றும் பெயர். மாணிக்கம் தேடி வந்த ஒரு ஆரிய அரசனிடம், அந்தணராக வந்த இறைவன் காவிரி நீரால் ஒரு தொட்டியை நிரப்பச் சொன்னாராம். எவ்வளவு ஊற்றியும் நிரம்பவில்லை. கோபத்தில் அரசன் வாளை வீச, அந்தத் தழும்பு லிங்கத்தின் மேல் இருப்பதாகச் சொல்வார்கள். இன்றைக்கும் அபிஷேகத்துக்குத் தினமும் காவிரியிலிருந்து தண்ணீர் சுமந்து வருகிறார்கள். எட்டு கிலோமீட்டர், அதற்கப்புறம் 1017 படி. வெறும் பையோடு ஏறி வந்த எனக்கு அந்தக் குடத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. நம் ஊர் மடைக்கு வருகிற அதே தண்ணீர்தான் அது. மலைமேல் காகம் பறக்காது என்பார்கள். அத்தை தரிசனம் முடியும் வரை வானத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பன்னிரண்டரைக்கு மேல் இறங்குங்கள், சாக்ஸோடு. முக்கால் மணி நேரம் ஆகும். புளிச்சோற்றை அடிவாரத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் காலை நீட்டி உட்காருங்கள், படுத்துவிட்டால் எழுந்திருக்க மனம் வராது.

படி 6: ஆற்றைக் கடந்து ஈங்கோய்மலை

இரண்டரைக்கு மறுபடி குளித்தலை, அங்கிருந்து முசிறி பஸ். பாலம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல், ஜன்னல் ஓரம் இடம் பிடியுங்கள். இரண்டு கரையிலும் வாழையும் கோரையும். முசிறியிலிருந்து தொட்டியம், நாமக்கல் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் சிறிது தூரத்திலேயே மலை அடிவாரம்.

நாலு மணிக்குள் வந்துவிட்டால் நல்லது. ஐந்நூறு படி சுமார்தான். ஆனால் காலையிலேயே தளர்ந்த கால் என்பதால் ஐயர்மலையைவிட இதுதான் கடினமாகத் தெரியும். அவசரப்படாமல் ஏறுங்கள். அகத்தியர் ஈ வடிவில் வந்து வழிபட்டதால் ஈங்கோய்மலை என்று தலபுராணம். மேலே நின்று தெற்கே பார்த்தால் காவிரி அகலமாகக் கிடக்கும், அந்தக் கரையில் ஐயர்மலையும் தெரியும். "அங்கேயிருந்தா வந்தோம்?" என்று கேட்டுவிட்டு அத்தை ரொம்ப நேரம் பேசவே இல்லை.

மார்கழியில் ஆறு மணிக்கு இருட்டத் தொடங்கிவிடும். அதற்குள் அடிவாரத்தில் இருங்கள். கீழே, பெண்களே பூஜை செய்யும் லலிதாம்பிகை கோயிலும் இருக்கிறது, நேரம் இருந்தால் பாருங்கள்.

திரும்பும்போது குளித்தலைக்குப் போக வேண்டியதில்லை. முசிறியிலிருந்து வடகரைச் சாலையிலேயே சத்திரத்துக்கு நேராக பஸ் இருக்கிறது. அன்றிரவும் திருச்சியில் தங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள். கால் வலி அன்றைக்குத் தெரியாது, இரண்டாம் நாள்தான் உச்சம். அந்த இரண்டு நாளில் நாற்று நடவு, உர மூட்டை தூக்குவது என்று எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வெந்நீரில் குளித்து, நல்லெண்ணெய் தேய்த்து, வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடந்துகொண்டிருந்தால் மூன்றாம் நாள் வயலுக்கு இறங்கலாம்.