மிஞ்சின சவுக்காரத் துண்டுகளில் புதுக்கட்டி: தண்ணீரில்தான் எல்லாம்

கிணற்றடியில் தேய்ந்து கிடக்கும் துண்டுகளைக் காயவைத்துச் சேர்த்து வாருங்கள். 500 கிராம் வந்ததும் தொடங்கலாம். அதற்குக் குறைவாகச் செய்தால் சட்டியில் ஒட்டி வீணாவதே பெரும்பங்கு. சிரங்கு, சொறி உள்ளவர்கள் பாவித்த துண்டுகளைச் சேர்க்கவே வேண்டாம்.

முதலில் தரம் பிரியுங்கள். குளிக்கிற சவுக்காரம் வேறு, சன்லைட் போன்ற உடுப்புத் தோய்க்கிறது வேறு. இரண்டையும் கலந்து உடம்புக்குப் போட்டால் தோல் வரண்டுபோகும். சலவைத்தூள் சரக்கில் செய்த பார்களும் உண்டு. அவை மற்றத் துண்டுகளோடு ஒட்டாமல் உதிரும். சந்தேகமென்றால் ஒரு சிட்டிகையைச் சுடுதண்ணீரில் கரைத்து, அரைத் தேசிக்காய்ப் புளியை விடுங்கள். உண்மையான சவுக்காரம் திரைந்து பால்போல் வெளுக்கும். தெளிவாகவே நின்றால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள்.

கோஸ்டிக் சோடா இதற்குத் தேவையில்லை. எண்ணெய் சவுக்காரமாக மாறும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. இப்போது சோடா சேர்த்தால் அது தனியே நின்று தோலைச் சுடும்.

கரட் துருவியின் சிறு கண்ணில் துருவுங்கள். கத்தியால் சீவினால் தடிப்பான துண்டுகள் கரையாமல், கட்டிக்குள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். தூள் மூக்கில் ஏறும், ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

500 கிராம் துருவலுக்கு 150 மில்லிலீற்றர் தண்ணீர். மழைத்தண்ணீர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கொதித்தாறிய தண்ணீர். கொட்டாமல் தெளித்துப் பிசறி, மூடி, ஓர் இரவு ஊறவிடுங்கள். இதை அவசரப்பட்டுத் தவிர்ப்பவர்களுக்குத்தான் மறுநாள் அடுப்படியில் பாடு. காலையில் துருவல் ஈரத்தை உறிஞ்சி மெதுமையாக இருக்கும்.

பெரிய சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் துருவல் உள்ள சில்வர்ச் சட்டியை இறக்கி மூடுங்கள். அலுமினியம் வேண்டாம், சவுக்காரத்தின் காரம் அதை அரிக்கும். விறகடுப்பானால் கொள்ளியை இழுத்துத் தணலில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியிலிருந்து புரட்டுங்கள். அடித்துக் கலக்கினால் நுரை ஏறிக் கட்டி முழுக்க ஓட்டையாகும். இதற்கு மரக்கரண்டிதான் சரி. கிரைண்டர் பக்கமே போகவேண்டாம்.

பெரும்பாலானவர்கள் பிழைவிடும் இடம் இனித்தான். அரை மணி போயும் இளகவில்லையே என்று தண்ணீரை ஊற்றுவார்கள். கடைச் சவுக்காரம் மெழுகுதிரி போல உருகி ஓடாது. ஒடியற்கூழை எதிர்பார்த்து நிற்காதீர்கள், உழுத்தங்களிதான் வரும். திட்டுத் திட்டாக இருந்தது பளபளத்து, கரண்டியைத் தூக்கினால் மொத்தமாகத் திரண்டு வந்தால் போதும். அதற்கு முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி பிடிக்கும். உதிரியாகவே நின்றால் மட்டும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, கால் மணி பொறுத்துப் பாருங்கள். மூன்று கரண்டிக்கு மேல் போகாதீர்கள். ஊற்றும் ஒவ்வொரு துளியும் பிறகு காற்றில் வெளியேறியாக வேண்டும். கூடிப்போனால் கட்டி சுருங்கி, நெளிந்து, நடுவில் குழிவிழும்.

இறக்கியபின் வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். அதற்குமேல் விட்டால் நுரை செத்துப் பிசுபிசுக்கும். அந்த எண்ணெய் இனிச் சவுக்காரமாகாது, எண்ணெயாகவே நிற்கும். பச்சை வேப்பிலைச் சாறு பழுதாகும், நிழலில் காயவைத்து இடித்த தூள் ஒரு தேக்கரண்டி போடுங்கள். அதன் பச்சை நிறமும் நாளடைவில் மண்நிறமாகிவிடும். கராம்பு, கறுவா எண்ணெய்கள் வாசமானாலும் தோலை எரிக்கும்.

யோகட் கோப்பைக்குள் சூட்டோடு அள்ளி அமத்துங்கள். ஒவ்வொரு கரண்டிக்கும் நிலத்தில் தட்டினால் காற்றறை மறையும். சிரட்டையும் பாவிக்கலாம், ஆனால் உள்ளே எண்ணெய் பூசாவிட்டால் கழராது. இரண்டு நாளில் எடுத்துச் சுளகில் பரப்பி, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து வெடிக்கும். தகரத் தட்டு துருக்கறை பிடிக்கும். சோளகக் காற்றுக் காலத்தில் மூன்று, நாலு கிழமை காணும். மாரியில் ஆறு கிழமையும் பிடிக்கலாம். நாளை எண்ணுவதைவிடத் தராசை நம்புங்கள்: ஒரு கட்டியைக் கிழமைக்கு ஒருமுறை நிறுத்து, நிறை குறைவது நின்றதும் பாவிக்கத் தொடங்குங்கள்.

பின்சேர்க்கை: “நுரைக்கவில்லை” என்ற முறைப்பாடு அடிக்கடி வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் உங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் வன்னீர். அதிலுள்ள கல்சியம் சவுக்காரத்தைப் பிடித்துத் திரையாக்கிவிடும், கடையில் வாங்கிய புதுக்கட்டிக்கும் அதே கதிதான். மழைத்தண்ணீரில் ஒருமுறை கைகழுவிப் பாருங்கள். அதில் நுரைத்தால் உங்கள் கட்டி சரி.

இன்னொன்று: கழராத கோப்பையை ஒரு மணிநேரம் குளிர்சாதனப்பெட்டியின் மேல்தட்டில் வைத்துவிட்டுத் தட்டுங்கள், விழும்.