மலையேறும் பழைய டீசல் ஜீப்: இன்ஜின் கொதிக்காமல் இருக்கத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மஹிந்திராவின் எம்எம் 540 ஜீப்பை இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அதன் 2112 சிசி பீஜோ டீசல் இன்ஜினின் உழைப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. போடிமெட்டு மலைப்பாதை வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வண்டிகளில் இந்தக் குடும்பத்து ஜீப்புகள் ஏராளம். ஆனால் இந்த இன்ஜினுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் பிளாக், அதாவது சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதி, வார்ப்பிரும்பு; அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். சூடேறும்போது இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால், ஒரே ஒரு முறை தண்ணீர் வற்றி ஓடினாலும் ஹெட் வளைந்து, இரண்டுக்கும் இடையே அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் போய்விடும். இந்த இன்ஜின்கள் வயதானதால் கொதிப்பதைவிட, நாம் பழகிப்போன சில தவறுகளால் கொதிப்பதே அதிகம் என்பது என் கணிப்பு.

அவற்றில் முதலாவது, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை வெப்பத்துக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?” என்று கேட்டபடியே அதைக் கழற்றிவிடும் பட்டறைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. நான் வாங்கிய ஜீப்பிலும் அது இல்லை. முந்தைய பட்டறையில் கழற்றியிருந்தார்கள். காலை நேரத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடிய பிறகும் வெப்பம் காட்டும் முள் அசையாததைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. ஏறத்தாழ 82 டிகிரியில் திறக்கும்படி அமைந்த இந்தச் சிறு வால்வு, இன்ஜின் தனக்கு உரிய வெப்பத்தை விரைவில் எட்டவும் அங்கேயே நிலைக்கவும் உதவுகிறது. அது இல்லாத டீசல் இன்ஜின் குளிர்ந்தே ஓடும். எரிபொருள் முழுதாக எரியாது, ஆயில் சீக்கிரம் கெடும், சிலிண்டரின் உட்குழலான லைனரும் பிஸ்டன் ரிங்கும் தேயும். இன்னொரு கேடும் உண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவாட்டுப் பைபாஸ் வழியையும் மூடிவிடும். அதைக் கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், ஏற்றத்தில் வண்டி முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும். புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்துமுன், ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்கிப் பாருங்கள். அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டி அது வாய் திறக்க வேண்டும். திறக்காததைப் பொருத்துவது, இல்லாமல் ஓட்டுவதைவிட ஆபத்தானது.

அடுத்தது, கிடைத்த தண்ணீரை ஊற்றுவது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க, அடுப்பில் வைத்த பானையின் அடியில் படிவதைப் போன்ற வெண்படிவு ரேடியேட்டர் குழாய்களிலும் ஹெட்டைச் சுற்றியுள்ள நீர்வழிகளிலும் படியும். ஒரு முறை ரேடியேட்டர் பட்டறையில் என் வண்டியின் மேல் டேங்கைப் பற்றவைப்பு நீக்கித் திறந்தபோது அருகில் நின்று பார்த்தேன். தட்டையான பித்தளைக் குழாய்களின் வாய்களில் மூன்றில் ஒன்று சாம்பல் நிறக் கட்டியால் அடைந்திருந்தது. பட்டறைக்காரர் மெல்லிய தகட்டை ஒவ்வொன்றுக்குள்ளும் விட்டு இழுத்தபோது உப்பும் துருவும் கலந்த தூள் தரையில் கொட்டியது. வெளியே புது வண்ணம் பூசிய, ஒழுக்கே இல்லாத ரேடியேட்டர் அது.

கூலண்ட் என்ற குளிர்விப்புத் திரவம் பனி உறையும் நாடுகளுக்கு மட்டுமே என்ற எண்ணமும் இந்தத் தவறோடு சேர்ந்தே வருகிறது. பல டீசல் இன்ஜின்களில் லைனரின் வெளிப்புறத்தைத் தண்ணீர் நேரடியாகத் தொடுகிறது. டீசல் எரியும் அதிர்வில் லைனர் நடுங்க, அதன் வெளிச்சுவரில் நுண்ணிய குமிழ்கள் உண்டாகி உடைந்து, நாளடைவில் உலோகத்தில் ஊசிக்குழிகளைப் பறித்துவிடும். கூலண்டில் கலந்திருக்கும் தடுப்பு ரசாயனங்கள் அதையும் துருவையும் தடுக்கின்றன. ஆகவே டீசல் இன்ஜினுக்கு உரிய கூலண்டைப் பாதியும், பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரைப் பாதியுமாகக் கலந்து ஊற்றுங்கள். பழையது எந்த வகை என்று தெரியாவிட்டால் மேலே ஊற்றி நிரப்பாமல், முழுவதையும் வடித்துக் கழுவிய பிறகே புதியதை ஊற்றுவது நல்லது.

ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் போடும் வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நடுக்காட்டில் வேறு வழியின்றி ஊர் வந்து சேர அது உதவியிருக்கலாம். அதற்காக அதைப் போற்றுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் வந்த மறுநாளே ரேடியேட்டரைக் கழுவி, ஒழுகிய இடத்தைப் பற்றவைக்காமல் விட்டால், ஓட்டையை அடைத்த அதே மஞ்சள் நல்ல குழாய்களையும் அடைக்கும்.

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடியாக நினைப்பது, மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் செய்யக்கூடாத தவறு. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் திறக்கும் 82 டிகிரிக்கும் இதற்கும் இடையே எவ்வளவு சிறிய இடைவெளி என்று பாருங்கள். மூடியில் 0.9 என்று அச்சிட்டிருந்தால், அதன் ஸ்பிரிங் 0.9 பார் அழுத்தம் வரை உள்ளே தாங்கிப் பிடிக்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் அதே உயரத்திலும் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த, ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு ஏறும் வண்டி இந்த இருபது டிகிரிப் பாதுகாப்பைக் கீழேயே விட்டுவிட்டு வருகிறது. சமவெளியில் ஒருநாளும் கொதிக்காத ஜீப் மலையில் மட்டும் கொதிப்பதாகச் சொல்லி ரேடியேட்டரை மாற்றியவர்கள், மூடியை மாற்றிப் பார்த்திருந்தால் பெருஞ்செலவைத் தவிர்த்திருக்கலாம். ஆனால் உங்கள் வண்டிக்குக் குறித்த அளவைவிட அதிக அழுத்த மூடியைப் போடாதீர்கள். பழைய ஹோஸும் பற்றவைப்பும் அதைத் தாங்காது.

காற்று வரும் வழியை மறைப்பது கண்ணுக்குத் தெரிந்தே செய்யும் தவறு. கிரில்லுக்கு முன்னால் பெரிய விளக்குகள், வின்ச், பெயர்ப்பலகை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறோம். விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய தகரக் கூண்டை ஏதோ ஒரு பழுதின்போது கழற்றி, திரும்ப மாட்டாமலே விட்டுவிடுகிறோம். அந்தக் கூண்டு இல்லாவிட்டால், வண்டி மெதுவாக ஏறும்போது விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கங்களிலிருந்து இழுக்கும். ஃபேன் பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும்; அதிகம் இறங்கினால் விசிறியும் தண்ணீர் பம்ப்பும் வழுக்கிச் சுற்றும். ரேடியேட்டரின் இதழ்களில் அடைந்த சேற்றையும் புல்விதைகளையும் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய நீரால் கழுவ வேண்டும். சர்வீஸ் நிலையத்தின் அழுத்தக் குழாயை நேரே பிடித்தால் இதழ்கள் மடங்கிவிடும்.

ஓட்டும் முறையிலும் பிழை உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு ஏறும்போது, சத்தம் குறையட்டும் என்று மேல் கியரில் வண்டியை முக்கவிட்டு ஏற்றுபவர்கள் இன்ஜினைக் காப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் சுற்று குறையும்போது விசிறியும் பம்ப்பும் கூடவே தளர்கின்றன, மிதித்த டீசலின் வெப்பமோ குறைவதில்லை. ஒரு கியர் இறக்கி, காலை லேசாக்கி ஏறுவதே சரி. இழுவைக்காக டீசல் பம்ப்பைக் கூட்டி வைப்பதும் இதோடு சேர்ந்ததுதான்: கரும்புகை தள்ளிக்கொண்டு ஏறும் டீசல் வண்டி, தேவைக்கு மேல் வெப்பத்தை ஹெட்டுக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது.

முள்ளை மட்டும் நம்பியிருப்பது மிகவும் ஆபத்தானது. அதன் சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுதும் போய்விட்டால், சென்சார் வெறும் நீராவியிலும் காற்றிலும் நிற்க, ஏறிய முள் மெல்ல இறங்கி நம்மை ஏமாற்றும். இழுவை திடீரெனக் குறைந்தாலோ, கூலண்டின் இனிப்பு வாடை வந்தாலோ, முள் எங்கே இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் உள்ளே இருந்து, முள் மட்டும் ஏறியிருந்தால் வண்டியை ஓரங்கட்டி, நியூட்ரலில் சற்றே கூடுதல் சுற்றில் சில நிமிடம் ஓடவிடுங்கள். விசிறி வெப்பத்தை இழுத்துவிடும். தண்ணீர் போய்விட்டது என்றால் அந்த நொடியே அணைத்துவிட வேண்டும். அதன் பிறகு சாக்கைப் போட்டு மூடியைத் திருகும் வழக்கம் பலரின் முகத்தையும் கையையும் வேகவைத்திருக்கிறது. மேல் ஹோஸைக் கையால் அழுத்தும் அளவுக்கு ஆறும் வரை, அரை மணியோ ஒரு மணியோ, காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆறாத இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழும்.

ஒரு முறை கொதித்த வண்டியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகாதீர்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். நிரப்பும்போது அடைபட்ட காற்று முதலில் சிறிது வெளியேறும். அதன் பிறகும் குமிழ்கள் விடாமல் வந்துகொண்டே இருந்தால், எரியும் காற்று கேஸ்கெட்டைத் தாண்டி நீர்வழிக்குள் வருகிறது என்று அறியலாம். அப்போது கேஸ்கெட்டை மட்டும் மாற்றி இறுக்கச் சொல்லாமல், ஹெட்டின் மேல் நேர்க்கோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் ஃபேசிங் போட்டு, அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமன்செய்து, விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, போல்ட்டுகளைக் கைக்கணக்கில் இறுக்காமல் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், குறித்த வரிசையில் இறுக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள்.