ஆற்றுத் தூண்டிலைக் கடற்கரைக்குக் கொண்டுபோகிறீர்களா? முதலில் கழுவக் கற்றுக்கொள்ளுங்கள்

என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) காளிங்கராயன் வாய்க்காலில் மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டு எனக்குத் தூண்டில் போடச் சொல்லிக்கொடுத்தார். பவானியை விட்டு வேலைக்காகக் காரைக்கால் போனபோது, அந்தப் பழக்கம் அங்கேயும் கைகொடுக்கும் என்று நம்பினேன். அரசலாறும் காவிரியின் கிளைதானே, நம் ஊரைத் தாண்டிப் போன தண்ணீர்தானே என்று ஓர் உரிமை வேறு. ஆறே வாரத்தில் தூண்டில் நரம்பைச் சுற்றும் என் ரீல் காபிக்கொட்டை அரைக்கும் மிஷின் போலச் சத்தம் போட்டது.

இப்போது கோபியிலிருந்து நண்பர் ஒருவர் நாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போகிறார். அவருக்குப் போனில் சொன்னதை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். முள் கட்டுவது, நரம்பு சுற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: மூட்டை கட்டும்போது

சாதாரண இரும்பு முட்களை ஊரிலேயே தம்பி தங்கைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டே நாளில் அவை செம்மண் நிறமாகிவிடும். தகரம் பூசிய முட்களை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். ஜிலேபி மீனுக்கு வைத்திருக்கும் ஆறடிக் கோல் முகத்துவாரத்தில் ஓரளவு உதவும். மணல் கரையில் நின்று அலையைத் தாண்டி வீச ஒன்பது, பத்தடிக் கோல் வேண்டும். ரீல் 4000 என்று அளவு எண் போட்டது போதும். பெரிய ரீல் வாங்கினால் பெரிய மீன் வரும் என்று நினைக்கிறவர்கள் தோள்வலித் தைலத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைக்கட்டும். பின்னல் நரம்பு 30 பவுண்டு இழுவை தாங்குவது. முனையில் இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் தடித்த ஒற்றை நரம்பு. கொடுவா மீனின் செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும், மெல்லிய நரம்பு தாங்காது.

படி 2: உடம்பு

ஈரோட்டில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொட்டாலும் வேப்பமரத்தடியில் ஒதுங்கினால் வியர்வை காய்ந்துவிடும், உடம்பு ஆறிவிடும். கடற்கரையில் வெப்பமானி அதைவிடக் குறைவாகக் காட்டும், ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இது புரியாமல் முதல் ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு மணலில் நின்று, தலைசுற்றி உட்கார்ந்தேன். பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் படகு நிழலுக்கு இழுத்துப்போனார்.

உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதுவரை விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் போங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொண்டுபோங்கள். சர்க்கரை நோய், இரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

படி 3: நேரம் பார்ப்பது

நம் ஊரில் ஆற்றில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் மேட்டூரில் ஷட்டரைத் திறக்கிறவர் கையில் இருக்கிறது. அங்கே அது நிலாவின் கையில் இருக்கிறது. ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று ஆறு மணிக்கு மீன் கடித்தது என்றால் நாளை ஆறே முக்காலுக்கு மேல் போங்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றவற்றம் அதிகம். அந்தக் கரையில் அது ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் முகத்துவாரத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கும்போதுதான் கொடுவா இரை தேடும். தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் நீங்களும் டீ குடிக்கப் போகலாம்.

படி 4: கழுவுவது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

உப்புத் தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் மொட்டைமாடிக் குழாயில் ஹோஸைச் செருகி, வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, ரீல்மேல் பீய்ச்சி அடித்தேன். பளிச்சென்று ஆகிவிடும். மனம் நிறைந்துவிடும். ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்தபோது அந்தக் கரகரச் சத்தத்தோடு ரீலை ஈரோட்டில் மோட்டார் காயில் கட்டும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கிணற்று மோட்டார் பேரிங் கழற்றத் தெரிந்தவருக்கு ரீல் பேரிங் எம்மாத்திரம்? பிரித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இதைக் கடலுக்குள்ளேயே போட்டு எடுத்தீங்களா?"

உள்ளே பேரிங் சிவந்து இறுகியிருந்தது. அலுமினிய உடம்பில் எவர்சில்வர் திருகு ஏறும் இடமெல்லாம் வெள்ளைப் பூ பூத்திருந்தது. வெளியே ஒட்டியிருந்த உப்பை நான் கழுவவில்லை, வேகமாக அடித்த தண்ணீரோடு சேர்த்து உள்ளே தள்ளியிருக்கிறேன் என்று அவர்தான் விளக்கினார். மோட்டாரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற ஆட்களையும் சேர்த்துத் திட்டினார்.

உள்ளே போன உப்பு காய்ந்தே கிடந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியும். பவானி வீட்டில் உப்பு ஜாடி எப்போதாவதுதான் கசியும். காரைக்காலில் அரிசி போட்டுவைத்தாலும் கசிந்தது. அந்த ஜாடியில் நடந்ததுதான் ரீலுக்குள் ஒவ்வோர் இரவும் நடந்திருக்கிறது.

சரியான முறை இது. வீட்டுக்கு வந்ததும், காய்வதற்கு முன், ரீலின் டிராக் குமிழை (மீன் இழுக்கும்போது நரம்பை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று கட்டுப்படுத்துவது) நன்றாக இறுக்குங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வட்டைகளில் தண்ணீர் ஊறும். கோலோடு சேர்த்து ரீலை நேராகப் பிடித்துக்கொண்டு, பூவாளியில் செடிக்கு ஊற்றுவதுபோல மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நிமிடம் போதும். வாளியில் முக்கவே கூடாது. நரம்பு வழுக்கிப்போகும் சின்ன உருளையின்மேல் மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் ஊற்றி விரலால் உருட்டிவிடுங்கள், முதலில் இறுகுவது அதுதான். பிறகு உதறி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, டிராக்கை முழுதாகத் தளர்த்தி, நிழலில் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். இறுக்கி வைத்தபடியே விட்டால் வட்டைகள் தட்டையாகி, அடுத்த முறை மீன் இழுக்கும்போது நரம்பு விட்டுவிட்டு வரும்.

உருளைக்கும் கைப்பிடி மூட்டுக்கும் வாரம் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய். பல்சக்கரத்துக்குக் கிரீஸ். எல்லாவற்றுக்கும் டபிள்யூடி-40 அடிக்கிறவர்களோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. அது ஈரத்தை விரட்டும், கூடவே உள்ளே இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும்.

படி 5: வைக்கும் இடம்

என் கோல்களைப் பவானி ஜமக்காளத்தில் சுருட்டி அலமாரிமேல் வைத்திருந்தேன். ஊர்ப்பற்றுதான். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்ததில் வளையங்கள் எல்லாம் துருவேறின, ஜமக்காளத்தில் துருக்கறை இன்னும் போகவில்லை. உறை, சுருட்டல் எதுவும் வேண்டாம். காற்றாடும் சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள்.

பின்சேர்க்கை 1: திருப்பூரிலிருந்து கடலூர் போன ஒருவர், நான் சொன்னபடியே கழுவியும் வெள்ளைப் பூ வருகிறது என்று எழுதியிருந்தார். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். போர் தண்ணீர். கொங்கில் போர் தண்ணீரை நாம் உப்புத் தண்ணீர் என்போம், அது பெரும்பாலும் சுண்ணாம்புக் கடினம்தான். கடற்கரையில் போர் தண்ணீரில் கடல் உப்பே ஏறியிருக்கலாம். வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால் ரீலுக்கு மட்டும் குடிநீரை எடுங்கள், இரண்டு சொம்பு போதும்.

பின்சேர்க்கை 2: கழுவிய பொய்மீன்களை (இரைக்குப் பதில் கட்டும் முள் வைத்த பொம்மை மீன்களை) ஈரத்தோடு பெட்டியில் போட்டால், ஒன்று மொத்தப் பெட்டியையும் துருப்பிடிக்க வைத்துவிடும். பெட்டியில் நான்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள். நீலக் குருணை இளஞ்சிவப்பானால் பழைய வாணலியில் சூடாக்கி மறுபடி நீலமாக்கலாம். அந்த வாணலியில் அப்புறம் சமைக்கக் கூடாது.

பின்சேர்க்கை 3: பெருந்துறை நண்பர் ஒருவர் உப்பிப் பந்தாகும் மீன் கிடைத்தது, குழம்பு வைக்கலாமா என்று படம் அனுப்பினார். அது பேத்தை. கொல்லும் நஞ்சு, கொதிக்கவைத்தாலும் போகாது. ஆற்றில் கிடைப்பதை எல்லாம் சட்டியில் போட்டுப் பழகிய கை நமக்கு. கரையில் வலை காயவைப்பவரிடம் காட்டாமல் எதையும் வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். பெயரிலும் குழம்புவீர்கள், நாம் வஞ்சிரம் என்பதைச் சில ஊர்களில் சீலா என்பார்கள். திருக்கையோ கெளுத்தியோ முள்ளால் குத்தினால், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். சூடு தாங்குகிறதா என்று குத்துப்படாத கையை விட்டுப் பாருங்கள்; வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாது, நான் கொப்புளத்தோடு திரும்பினேன்.