பிரெஞ்சில் அடுத்த கேள்வி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திங்கட்கிழமை காலை, பாரிசில் ஓர் அலுவலகத்தின் காபி மெஷின் பக்கம். பிரெஞ்சு படிக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆன நம் ஆள் ஒருவர் கூட வேலை செய்யும் பெண்ணிடம் கேட்கிறார்: "தா பாஸே அன் போன் வீக்கெண்ட்?" சனி, ஞாயிறு நன்றாகப் போச்சா என்று அர்த்தம். பிரான்சின் வடமேற்கில் இருக்கும் பிரித்தானி பக்கம் போயிருந்தேன், இரண்டு நாளும் மழை என்கிறார் அவர். நம் ஆள் முகம் மலர, "த்ரே பியன்!" என்கிறார். ரொம்ப நல்லது! அத்துடன் அந்தப் பெண் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் முதல் கேள்வியை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்தவர், இரண்டாவதைத் தயார் செய்யவில்லை. அதைத் தயார் செய்யவும் முடியாது, அது எதிரில் இருப்பவரின் பதிலில் இருந்துதான் வர வேண்டும். இதில் வகுப்பறையின் பங்கும் கொஞ்சம் உண்டு. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் தொடக்க நிலையான ஏ1-இல், வாய்மொழித் தேர்வின் ஒரு பகுதியில் சில அட்டைகள் தருவார்கள். 'குடும்பம்', 'விளையாட்டு' என்று ஆளுக்குச் சில சொற்கள். அட்டையைப் பார், கேள்வி கேள், அடுத்த அட்டையை எடு. தேர்வுக்கு அது போதும். அந்தப் பழக்கத்தோடு வெளியே வருகிறவர் மனிதர்களிடமும் அட்டை எடுத்துக்கொண்டே இருப்பார். எங்கே இருக்கிறீர்கள், என்ன வேலை, சினிமா பிடிக்குமா... கேட்கப்படுகிறவருக்கு விசா நேர்காணல் மாதிரி இருக்கும்.

பிரெஞ்சை இங்கே தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். 'தியு' என்று வரும் இடத்தில், உதட்டை 'ஊ' சொல்வதுபோலக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லுங்கள். சொல்லின் கடைசியில் வரும் 'ன்' பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிட வேண்டும், நாக்கு மேலே தொடக்கூடாது. மிச்சத்தைக் காதால் பழகிக்கொள்ளுங்கள்.

முதல் தவறு, கேள்வியைத் திருப்பிக் கேட்காமல் விடுவது. "சா வா?" என்று கேட்டால் "வீ, சா வா" என்று சொல்லி நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். அதற்குப் பின்னால் "எ துவா?" வர வேண்டும், மரியாதை தேவைப்பட்டால் "எ வூ?". உங்களுக்கு எப்படி என்று கேட்கிற இந்த இரண்டு சொல்தான் பிரெஞ்சில் மிக அதிகம் பயன்படும் தொடர்கேள்வியாக இருக்கும் என்பது என் கணிப்பு. 'நீ' என்பதற்குத் 'தியு' என்று படித்தோமே என்று "எ தியு?" என்று கேட்டுவிடாதீர்கள். வினைச்சொல் இல்லாமல் தனியே நிற்கும்போது அது 'துவா' ஆகிவிடும்.

ஆங்கிலம் வழியாகப் போவதால் வரும் தவறுகள்

நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிரெஞ்சுக்குள் நுழைகிறோம். தொடர்கேள்விகளில் அது சுற்று வழி. பேச்சு பிரெஞ்சு பல இடங்களில் தமிழுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

'நீ எங்கே இருக்கே?' என்பதில் 'எங்கே' எந்த இடத்தில் வருகிறது? பதில் வர வேண்டிய அதே இடத்தில். பேசும் பிரெஞ்சும் அப்படித்தான்: "தியு அபித் ஊ?" 'ஊ' என்றால் எங்கே. கேள்விச்சொல்லை முன்னால் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஆங்கிலத்துக்குத்தான். அந்தப் பழக்கத்தில் "ஊ அபித்-தியு?" என்று வினைச்சொல்லைப் புரட்டிப் போட்டுக் கேட்பவர்கள் உண்டு. அது பிழை இல்லை, ஆனால் பேக்கரி வாசலில் நின்று 'தாங்கள் எங்கு வசிக்கிறீர்கள்?' என்று கேட்பதுபோல இருக்கும். "ஊ எஸ்க தியு அபித்?" என்பது நடுவாந்தரம், எங்கேயும் செல்லும். நண்பர்களோடு முதல் வடிவமே போதும். ஒன்றே ஒன்று, கடைசி 'ஊ'வைக் குரல் தூக்கி இழுக்காதீர்கள். இழுத்தால் 'எங்கேன்னு சொன்னே?!' என்ற ஆச்சரியம் தொனித்துவிடும்.

'யாரோட போனே?' என்பதும் அப்படியே. 'ஓட' என்பதை 'யாரை'விட்டுப் பிரிக்க நமக்குத் தோன்றவே தோன்றாது. பிரெஞ்சும் பிரிக்காது: "தே பார்த்தி அவெக் கீ?" 'அவெக் கீ', யாரோடு. ஆங்கிலம் படித்த மூளைதான் 'கீ'யை முன்னால் வைத்து 'அவெக்'கைக் கடைசியில் அநாதையாக விடும். ஒரு படத்தைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் "சா பார்ல் த குவா?" என்று கேளுங்கள், எதைப் பற்றிய படம்? இங்கேயும் 'த குவா' ஒட்டிக்கொண்டே வருகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது. 'இங்கே ரொம்ப நாளா இருக்கீங்களா?' என்று நிகழ்காலத்தில்தானே கேட்கிறோம்? பிரெஞ்சும் நிகழ்காலம்தான்: "வூ ஸபிதே இசி தபுவி லோன்தான்?" ஆங்கிலத்தில் யோசிப்பவர் இதை இறந்தகாலமாக்கி "வூ ஸவே அபிதே..." என்று ஆரம்பிப்பார். எதிரில் இருப்பவர், தான் முன்பு எங்கோ குடியிருந்ததைப் பற்றிய கேள்வி வருகிறது என்று காத்திருப்பார். இந்தக் கேள்விக்கு மட்டும் ஆங்கிலத்தை மறந்துவிட்டு, தமிழில் நினைத்துப் பிரெஞ்சில் சொல்லுங்கள்.

ஆமா இல்லையா என்று கேட்க நமக்கு ஒரு 'ஆ' போதும்: வர்றியா, போதுமா. கனடாவில் கியூபெக்கின் பேச்சு பிரெஞ்சிலும் அப்படி ஒரு ஒட்டு இருக்கிறது. "சே-தியு லுவான்?" என்றால் 'தூரமா?'. அந்தத் 'தியு' இங்கே 'நீ' இல்லை, சும்மா கேள்விக் குறி. மாண்ட்ரியலில் இருக்கும் நம்மவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ள முடியும். பாரிசில் பயன்படுத்தினால் சிரிப்பார்கள். அங்கே குரலை ஏற்றிவிட்டால் போதும்.

தமிழே காலை வாரும் இடங்கள்

ஒருவர் எனக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்கிறார். நாம் 'எத்தனை?' என்போம், மிஞ்சினால் 'எத்தனை பேர்?'. அதை அப்படியே கொண்டுபோய் "வூ ஸவே கொம்பியன்?" என்று கேட்டால் பிரெஞ்சுக் காதுக்கு அரைகுறை. எதில் எத்தனை என்பதைக் காட்ட 'ஆன்' என்ற ஒரு சின்னச் சொல் வேண்டும்: "வூ ஸா நவே கொம்பியன்?" எழுத்தில் இரண்டு எழுத்துதான், பேச்சில் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு காணாமல் போய்விடுவதால் பலருக்கு அது இருப்பதே தெரிவதில்லை. இடத்துக்கு இன்னொரு சொல், 'இ'. சந்தைக்குப் போவேன் என்று சொன்னவரிடம் "தீ வா சூவான்?", அங்கே அடிக்கடி போவியா? தமிழில் 'அங்கே'யை விழுங்கிவிட்டு 'அடிக்கடி போவியா?' என்றாலும் ஓடும். அங்கே ஓடாது. (ஆனால் "தியு கொனே?", தெரியுமா என்று கேட்கும்போது மட்டும் பிரெஞ்சும் நம்மைப்போல விழுங்கிவிடும். மொழி என்றால் அப்படித்தான்.)

அடுத்தது நம் 'உம்'. எனக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்காது, இரண்டுக்கும் ஒரே 'உம்'. பிரெஞ்சில் இரண்டும் வேறு. பிடிக்கும் என்றவரிடம் தோழி இன்னொருத்தியைக் காட்டி, அவளுக்குமா என்ற அர்த்தத்தில் "எல் ஓசி?" என்று கேட்கலாம். நம் ஊர் ஓசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் ஒருமுறை சிரித்தால் மறக்காது. அவரே சீஸ் பிடிக்காது என்று சொல்லியிருந்தால் "எல் நோன் ப்ளியு?" என்றுதான் கேட்க வேண்டும். அங்கே 'ஓசி' போட்டால் அவர் ஒரு கணம் திகைப்பார்.

எதிர்மறைக் கேள்விதான் பெரிய பள்ளம். விருந்தில் வீட்டுக்காரர் "தியு வ பா த தெசேர்?" என்கிறார், இனிப்பு வேண்டாமா? நாம் 'ஆமா, வேண்டாம்' என்று சொல்லிப் பழகியவர்கள், அந்த 'ஆமா'வை 'வீ' ஆக்கிவிடுவோம். வீட்டுக்காரர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார். வேண்டாம் என்றால் 'நோன்'. வேண்டும் என்றால் 'வீ' கூட இல்லை, 'சி'. எதிர்மறையாகக் கேட்டதை மறுத்து 'வேணும்' என்று சொல்வதற்கென்றே அந்த மொழி ஒரு தனிச் சொல் வைத்திருக்கிறது. நீங்கள் இப்படிக் கேட்டு, பதிலாக 'சி' வந்தால் பரிமாறுங்கள்.

தொனி

"ஆ போன்?" 'போன்' என்றால் நல்லது என்று முதல் வாரமே படித்துவிடுகிறோம். அதனால் யாராவது 'எங்க பாட்டி ஆஸ்பத்திரியில் இருக்காங்க' என்றதற்கு இன்னொருவர் "ஆ போன்?" என்று சொல்வதைக் கேட்டால் பகீர் என்கிறது. அது நல்லது என்பதே அல்ல, 'அப்படியா?' தான். நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும் செல்லும். மழையில் நனைந்த அந்த பிரித்தானிப் பயணத்துக்கு "ஆ போன்? எ தியு கூ, தா ஃபே குவா?" என்று கேட்டிருந்தால் போதும். அப்படியா, அப்புறம் என்ன பண்ணினே? 'தியு கூ' (இந்தத் 'தியு'வும் 'நீ' இல்லை, இரண்டும் சேர்ந்து 'அதனால்' என்று அர்த்தம்) இப்போது பிரெஞ்சுக்காரர்கள் வாயில் மூச்சுக்கு மூச்சு வரும் சொல். அதிகம் புழங்குகிறது என்று அவர்களே அலுத்துக்கொள்வார்கள், அடுத்த வாக்கியத்தில் அவர்களே சொல்வார்கள்.

"எ அலோர்?" தனியாக நின்றால் ஆபத்து. 'அப்புறம்?' என்று நீங்கள் நினைத்துக் கேட்பது 'அதுக்கு என்ன இப்போ?' என்று அவர் காதில் விழலாம். பின்னால் ஒரு வால் சேர்த்துவிடுங்கள்: "எ அலோர், செதே கொமான்?" எப்படி இருந்தது? "பூர்குவா?" என்ற வெறும் 'ஏன்?' கூட அப்படித்தான். வேலையை விடப் போகிறேன் என்றவரிடம் நாமும் மொட்டையாக 'ஏன்?' என்று கேட்பதில்லை, 'ஏன், என்னாச்சு?' என்போம். அந்த இடத்துக்கு "கொமான் சா ஸ ஃபே?" இருக்கிறது. காதில் விழவில்லை என்றால் "குவா?" என்று கேட்காமல் "பார்தோன்?" என்று கேளுங்கள். குழந்தைகளையே அதற்குத் திருத்துவார்கள்.

வாக்கியத்துக்கு வாக்கியம் "நெஸ் பா?" போடுவது நம் ஊர் ஆங்கிலப் பழக்கத்தின் நீட்சி. அது அங்கே கொஞ்சம் பட்டுச்சட்டை போட்ட சொல். சாதாரணமாக "நோன்?" என்று முடித்தால் நம் 'இல்லையா?' அப்படியே வந்துவிடும். இன்னும் நெருக்கமானவர்களிடம் 'ஏன்?' மாதிரி ஒலிக்கும் ஒரு மூக்கொலி போதும், அது நம் 'ஏன்' அல்ல, 'என்ன சொல்றே?' என்பதுதான்.

கேள்வி கேட்கலாமா என்று கேட்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. பிரெஞ்சில் கேள்வியைக் கேட்க மாட்டார்கள், வைப்பார்கள்: "போஸே யுன் கெஸ்தியோன்". 'கேட்பது' என்று படித்த 'தமாந்தே' இங்கே சேராது. ஊருக்குப் போகப் போகிறேன் என்றவரிடம் ஆவலாக இருக்கிறாயா என்று கேட்க "எக்சிதே" என்ற சொல்லைத் தொடாதீர்கள், அதற்குப் படுக்கையறை வாடை உண்டு. "தா ஆத்?" என்று கேளுங்கள்.

எங்கே நிறுத்துவது

ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பத்து நிமிடத்தில் சம்பளம், சொந்த வீடா, கல்யாணம் ஆச்சா, ஏன் இன்னும் குழந்தை இல்லை என்பதுவரை போய்விடும் ஊர் நம்முடையது. அக்கறை என்றுதான் கேட்கிறோம். பிரான்சில் சம்பளத்தைக் கேட்பது நண்பர்களுக்குள்ளேயே சங்கடம். மதமும் அப்படி. 1872-க்குப் பிறகு அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதத்தைக் கேட்பதே இல்லை. அரசாங்கமே கேட்காததைப் பேருந்து நிறுத்தத்தில் நாம் கேட்பானேன்? கடைக்காரரிடம் விலை விசாரிப்பதாக இருந்தாலும் 'போன்ஜூர்' சொல்லாமல் கேள்வியை ஆரம்பித்தால் அதையும் மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள்.

'நீ'யா 'நீங்க'ளா என்பதில் நமக்குப் பாதி வேலை மிச்சம், இரண்டும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் கணக்கு வேறு. நிறைய அலுவலகங்களில் ஐம்பது வயதுக்காரரை இருபத்தைந்து 'தியு' என்று கூப்பிடும். அதே இருபத்தைந்து, தெரியாத கடைக்காரப் பையனை 'வூ' என்று சொல்லும். சந்தேகம் வந்தால் 'வூ'வில் ஆரம்பித்து, அவர்கள் "ஓன் ஸ துத்வா?" என்று கேட்கும்வரை காத்திருங்கள்.

"தியு வியன் தூ?", எந்த ஊர் நீ? முதல் தடவை இது சாதாரணக் கேள்வி. 'பாரிஸ்' என்று பதில் வந்த பிறகு, 'இல்லை, உண்மையில் எங்கிருந்து?' என்று வரும் தொடர்கேள்விதான் முள். அங்கேயே பிறந்து பாரிசின் லா ஷப்பேல் பகுதித் தமிழ்க் கடைகளுக்கு நடுவே வளர்ந்த நம் பிள்ளைகளிடம் இது எத்தனையோ முறை கேட்கப்பட்டிருக்கும். கறுப்பரிடமோ அரபுப் பெயர் உள்ளவரிடமோ நாமே அதைக் கேட்டுவிடுவதும் நடக்கிறது. பாரிஸ் என்றால் "ஆ போன்? கெல் கார்த்தியே?" என்று எந்தப் பேட்டை என்று கேளுங்கள், பேச்சு அதிலேயே ஓடும். உங்களிடம் யாராவது அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டால் பதிலைச் சொல்லிவிட்டு "எ வூ?" என்று திருப்பிவிடுங்கள். பாதிப் பேருக்கு இத்தாலியிலோ போர்ச்சுகலிலோ போலந்திலோ ஒரு தாத்தா கிடைப்பார்.