கம்பி ஹேங்கரைத் தூக்கிப் போடாதீர்கள்: முதல்முறை செய்பவர்களுக்கு

சலவைக்குப் போட்ட துணி திரும்பி வரும்போதெல்லாம் கூடவே ஒரு கம்பி ஹேங்கரும் வந்துவிடுகிறது. ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் அலமாரியின் அடியில் எல்லாம் கொக்கி மாட்டிக்கொண்டு ஒரே சிக்கலாகக் கிடக்கும். ஒன்றை இழுத்தால் பத்து வரும். ஆனாலும் அவற்றைக் குப்பையில் போட எனக்கு மனம் வருவதில்லை. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1 மீட்டர் நீளத்துக்கு நல்ல எஃகுக் கம்பி இருக்கிறது. கனம் சுமார் 2 மில்லிமீட்டர்தான் என்பதால் கையாலேயே வளைக்கலாம். வளைத்த வடிவத்தில் அப்படியே நிற்கும்.

முதல் வேலை, பிரித்து வைப்பது. நேராக, துருவில்லாமல் இருப்பவை ஒரு பக்கம். கோணிப்போனவை இன்னொரு பக்கம். துருப்பிடித்தவை தனியாக.

நல்லவற்றைத் திருப்பிக் கொடுங்கள்

கைவினை செய்யத்தான் இந்தப் பதிவு என்றாலும், நல்ல ஹேங்கர் ஹேங்கராகவே இருப்பதுதான் சரி என்பது என் கருத்து. சலவைக் கடையில் கேட்டுப் பாருங்கள். திரும்ப வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. பழைய துணி விற்கும் கடைகள், உடை தானம் பெறும் அமைப்புகள், நிறைய உடைகளைக் கையாளும் நாடகக் குழுக்கள் ஆகியவற்றுக்கும் தேவைப்படலாம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கொக்கிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி, இருபது இருபதாகக் கழுத்தில் நூலால் கட்டிக் கொடுத்தால் வாங்குபவருக்குச் சிக்கெடுக்கும் வேலை இருக்காது.

கோணிப்போனவற்றையும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். களிமண்ணிலோ காகிதக்கூழிலோ உருவம் செய்யக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு, உள்ளே எலும்புக்கூடு போல நிற்க இந்தக் கம்பி மிகவும் பயன்படும்.

கம்பியைப் பிரிக்காமலே ஒரு கொடிப் பந்தல்

முதல்முறை செய்பவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். தொட்டியில் வளரும் சின்னக் கொடிக்கு இது போதும். வேண்டியது ஒரு ஹேங்கர், ஒரு கட்டிங் பிளேயர், கொஞ்சம் பருத்தி நூல் மட்டும்.

1. கொக்கியின் நுனியைப் பிளேயரால் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நிமிர்த்துங்கள். ஒரே இழுப்பில் நேராகாது. ஆனால் ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைக்காதீர்கள். கம்பி அங்கே இறுகி, ஒடிந்துவிடும்.

2. ஹேங்கரைத் தலைகீழாகப் பிடியுங்கள். நிமிர்த்திய கொக்கி இப்போது கீழே, நீளமான அடிக்கம்பி மேலே. அந்த அடிக்கம்பியின் நடுவைப் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள். முக்கோணம் சதுரமாகும். மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விட்டால் வட்டமாகிவிடும்.

3. வட்டம் சரியாக வரவில்லையென்றால் ஒரு பாட்டிலைச் சுற்றி வளையுங்கள். கம்பி கையை விட்டதும் சற்று விரியும். அதனால் வேண்டிய வட்டத்தைவிடச் சிறிய பாட்டிலாக எடுக்க வேண்டும். இது தெரியாமல் நான் முதலில் செய்ததெல்லாம் முட்டை வடிவம்தான்.

4. நிமிர்த்திய முனையைத் தொட்டியின் ஓரமாக, வேர் அறுபடாமல் மண்ணில் ஆழமாகச் செருகுங்கள். கொடியை வட்டத்தில் சுற்றி, பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு பருக்கும், இறுக்கிக் கட்டினால் நூல் உள்ளே வெட்டும்.

கொடி பெரிதானால் இன்னொரு ஹேங்கரை முதலாவதற்குக் குறுக்காகச் செருகி, இரண்டும் சந்திக்கும் உச்சியில் கட்டிவிடுங்கள்.

நாற்றுக்கு ஒரு கூடாரம்

இதற்குக் கம்பியைப் பிரிக்க வேண்டும். கழுத்து முறுக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் வெட்டிவிடுவது எளிது. முறுக்கைப் பிரிக்கப் போராட வேண்டாம். வெட்டும்போது துண்டு தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இரு முனைகளையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வெட்டிய முனைகளை உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். கூர்மை மோசமாகக் கிழிக்கும்.

ஒரு ஹேங்கரில் கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் கம்பி கிடைக்கும். அதைப் பாதியாக வெட்டினால் 40 சென்டிமீட்டரில் இரண்டு வில்கள். இரு முனைகளும் 4 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போனாலும், 20 சென்டிமீட்டர் அகலத் தொட்டிக்கு அரைவட்டமாக நிற்கும். இரண்டையும் குறுக்கே வைத்து மேலே ஒரு தெளிவான பிளாஸ்டிக் பையைப் போர்த்தினால் விதை முளைக்கும் ஈரம் தங்கும். வெயில் நேரடியாக விழும்போது பையைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் நாற்று வெந்துவிடும்.

துணி வழுக்காத ஹேங்கர்

கம்பி ஹேங்கரில் மாட்டும் மெல்லிய துணி வழுக்கி விழும், பின்னல் துணியின் தோள்பட்டையில் முண்டு விழும். பழைய டி-ஷர்ட்டை 2 சென்டிமீட்டர் அகல நாடாக்களாக வெட்டி, கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி இறுக்கமாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். முடியும் இடத்தில் ஊசி நூலால் நாலு தையல், அவ்வளவுதான். கம்பியைத் துணி மூடிவிடுவதால் சட்டையில் துருக்கறை படியும் பயமும் குறையும். தோள்பட்டை மட்டும் போதும் என்றால் இன்னும் சீக்கிரம் முடியும்.

இதற்கு மட்டும் வேண்டாம்

ஹேங்கர் கம்பியில் உணவைக் குத்தி நெருப்பில் சுடாதீர்கள். பல ஹேங்கர்களில் துத்தநாகப் பூச்சோ பெயின்ட்டோ பிளாஸ்டிக் உறையோ இருக்கும். சூட்டில் அதன் புகை கெடுதல். மின்சாரம் ஓடும் எதிலும் இதைச் செருகவே கூடாது. சின்னக் குழந்தைகள் கையில் வெட்டிய கம்பி வேண்டாம்.

கடைசியாக, துருப்பிடித்தவை. இரும்பு மறுசுழற்சிக்குப் போகும் பொருள்தான், ஆனால் பாட்டில், காகிதத்தோடு சேர்த்துப் போட்டால் தரம்பிரிக்கும் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டு வேலையையே நிறுத்திவிடும். ஹேங்கரின் அடியில் அட்டைக் குழாய் இருந்தால் கழற்றிக் காகிதத்தோடு சேருங்கள். கம்பியைக் கட்டாகக் கட்டி, பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுங்கள்.